அந்த ரெண்டு அறை

"அடி உதவுற மாதிரி அண்ணன் தம்பி உதவ மாட்டான்"னு ஒரு பழமொழி. சின்ன வயசுல இதைக் கேட்காம வளர்ந்தவங்க யாராச்சும் இருக்கீங்களா? எனக்குத் தெரிஞ்சு யாரும் இல்லை. சொன்னவங்க எல்லாரும் கையில குச்சி வெச்சிருந்தவங்க. வாங்கினவங்க யாரும் சொல்லிக் கேட்டதில்லை. அதாவது, அப்படித்தான் நினைச்சிட்டு இருந்தேன், ஒரு ஜெர்மன் பொண்ணு வந்து "நான்தான் அடிக்கச் சொன்னேன்"னு சொல்ற வரைக்கும்.

மார்டினா டிரைடோஸ். பேர் ஞாபகம் இருக்காது. ஆனா அந்த வீடியோ ஞாபகம் இருக்கும். 2021 ஜூலை 27, டோக்கியோ ஒலிம்பிக்ஸ். பெண்கள் 63 கிலோ ஜூடோ. வீராங்கனைகள் அரங்குக்குள்ள நுழையுற வழி. மார்டினா நிக்கறார். எதிரே அவரோட பயிற்சியாளர் கிளாவ்டியூ பூஷா. அவர் மார்டினாவோட சட்டையை ரெண்டு கையாலயும் கொத்தாப் பிடிச்சு ஒரு உலுக்கு உலுக்கறார். அப்புறம் இந்தக் கன்னத்துல ஒண்ணு, அந்தக் கன்னத்துல ஒண்ணு, பளார் பளார்னு. மார்டினா பின்வாங்கலை, முகத்தைத் திருப்பிக்கலை. அப்படியே மேட்டை நோக்கி நடந்து போறார்.

மொத்தம் சில வினாடிகள்தான். உலகமே பார்த்துச்சு. "இது என்ன அராஜகம்"னு ஒரு கூட்டம். "பாவம் அந்தப் பொண்ணு"ன்னு ஒரு கூட்டம். வழக்கம்போல கேலி பண்ண ஒரு கூட்டம். நானும் "பாவம்" கூட்டத்துலதான் இருந்தேன், மறைக்க ஒண்ணும் இல்லை. அந்த ஆளைத் தூக்கி உள்ள போடணும்னு பேசிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போயிட்டேன்.

அதுக்கப்புறம்தான் கதையே. போட்டியில மார்டினா முதல் சுற்றிலேயே ஹங்கேரியோட சோஃபி ஓஸ்பாஷ்கிட்ட தோத்துட்டார். ஓஸ்பாஷுக்கு அப்போ 19 வயசு, மார்டினாவுக்கு 32. தோத்த கையோட இன்ஸ்டாகிராம்ல ஒரு குறிப்பு எழுதினார். சாரம் இதுதான்: அடி போதலை போலிருக்கு. இன்னிக்கு வேற மாதிரி ஒரு தலைப்புச் செய்தியில வந்திருக்கணும்னு ஆசைப்பட்டேன். இது போட்டிக்கு முன்னாடி நானே தேர்ந்தெடுத்த சடங்கு. என் கோச் நான் கேட்டதைத்தான் செஞ்சார். அவரைத் திட்டாதீங்க. சண்டைக்கு முன்னாடி விழிச்சுக்க எனக்கு இது தேவை.

சர்வதேச ஜூடோ சம்மேளனம் இதை ஏத்துக்கலை. ஜூடோ ஒரு கல்வி சார்ந்த விளையாட்டு, இந்த மாதிரி நடத்தை ஜூடோவின் ஒழுக்க நெறிக்கு விரோதம்னு சொல்லி அந்தப் பயிற்சியாளருக்குக் கடுமையான எச்சரிக்கை கொடுத்துச்சு. ஃபைல் க்ளோஸ்.

எனக்குத்தான் க்ளோஸ் ஆகலை. வருஷம் சில ஓடியாச்சு. மார்டினா இப்போ ஓய்வு பெற்ற வீராங்கனை. ஆனா அந்த ரெண்டு அறை மட்டும் மனசுல ஏதோ மீன் முள்ளு மாதிரி நிக்குது. அதை எடுத்துப் போடத்தான் இந்தப் பதிவு.

முதல்ல ஒரு விஷயம். இந்தப் பொண்ணு யாருன்னு அன்னிக்கு எத்தனை பேர் கேட்டோம்? நான் கேட்கலை. பிறகு தேடிப் படிச்சேன். 1989ல போலந்துல வென்சிட்சாங்கற ஊர்ல பிறந்தவர். ஆடினது ஜெர்மனிக்கு. 2015 ஜூன்ல அஜர்பைஜானோட பாகு நகரத்துல முதல் ஐரோப்பிய விளையாட்டுப் போட்டிகள் நடந்துச்சு. ஜூடோவுக்கு அதுதான் அந்த வருஷத்து ஐரோப்பிய சாம்பியன்ஷிப்பும். அதுல 63 கிலோ பிரிவுல தங்கம். ஆக, ஐரோப்பிய சாம்பியன். 2016 ரியோ ஒலிம்பிக்ஸ் போனார், பதக்கம் இல்லை. 2019 ஆகஸ்ட்ல உலக சாம்பியன்ஷிப்ல வெண்கலம்.

அந்த 2019 உலக சாம்பியன்ஷிப் எங்க நடந்துச்சு தெரியுமா? டோக்கியோ, நிப்பான் புடோகான். 1964 ஒலிம்பிக்ஸ்ல ஜூடோ முதல் தடவையா சேர்ந்தப்போ அதுக்காகவே கட்டின அரங்கம். ரெண்டு வருஷம் கழிச்சு அறை விழுந்ததும் இதே புடோகான்லதான். உலகத்துல முதல் நாலு பேர்ல ஒருத்தரா நின்ன அதே கட்டடத்துல, "கன்னத்துல அறை வாங்கின பொண்ணு"ன்னு ஆகிப்போச்சு. விதியைப் பாருங்க.

இந்த 63 கிலோ பிரிவு லேசுப்பட்டது இல்லைங்க. பிரான்ஸோட கிளாரிஸ் அக்பெனியேனு அந்தப் பிரிவுல ஆறு தடவை உலக சாம்பியன், 2014ல இருந்து 2023 வரைக்கும். ஸ்லோவேனியாவோட டீனா டிர்ஸ்டென்யாக் 2016 ஒலிம்பிக் தங்கம். 2016ல டீனா தங்கம், கிளாரிஸ் வெள்ளி. 2021ல கிளாரிஸ் தங்கம், டீனா வெள்ளி. ரெண்டு பேரும் மாத்தி மாத்தி எடுத்துக்கிட்டாங்க. ரெண்டு யானைகள் நடமாடுற காட்டுல பிழைச்சுக் கிடந்து ஒரு ஐரோப்பியத் தங்கமும் ஒரு உலக வெண்கலமும் எடுக்கறது பெரிய விஷயம். இதுல எதுவுமே அந்த வீடியோவுல இல்லை.

சரி, எதுக்காக ஒரு ஐரோப்பிய சாம்பியன் சண்டைக்கு முன்னாடி தன்னை அறையச் சொல்லணும்?

ஜூடோவைக் கொஞ்சம் தெரிஞ்சுக்கிட்டா இது புரியும். ஒரு சண்டை நாலு நிமிஷம். ஆனா நாலு நிமிஷமும் நடக்கணும்னு அவசியம் இல்லை. எதிராளியை வேகமா, பலமா, முதுகு தரையில படற மாதிரி சுத்தமாத் தூக்கிப் போட்டா அது 'இப்பான்'. அதோட ஆட்டம் முடிஞ்சுது, அது பத்தாவது வினாடியா இருந்தாலும் சரி. கிரிக்கெட்ல முதல் ஓவர் சொதப்பினா அடுத்த ஓவர்ல பார்த்துக்கலாம். டென்னிஸ்ல முதல் செட் போனா ரெண்டாவது செட் இருக்கு. ஜூடோவுல அந்தப் பேச்சே கிடையாது. ஒலிம்பிக்ஸ்ல முதல் சுற்றுல தோத்தா, சுத்தி வந்து வெண்கலத்துக்கு ஆடற வாய்ப்பும் கிடையாது. அது கால் இறுதி வரைக்கும் போனவங்களுக்கு மட்டும்தான். அஞ்சு வருஷ உழைப்பு, காலையில நடக்கற ஒரே ஒரு சண்டையில சட்டையைப் பிடிக்கறதுக்குள்ள போயிடலாம். தூக்கக் கலக்கத்தோட மேட்ல கால் வைக்கறதுக்கு அங்க இடமே இல்லை. 'விழிச்சுக்க'ன்னு மார்டினா எழுதினது சும்மா இல்லை.

மத்த விளையாட்டுலயும் இது உண்டு. ஓட்டப்பந்தய வீரர்கள் தொடையில படார் படார்னு தட்டிக்கறதைப் பார்த்திருப்பீங்க. நீச்சல் வீரர்கள் நெஞ்சு சிவக்க அடிச்சுப்பாங்க. எடை தூக்கறவங்க அம்மோனியாவை மோந்து பார்த்துட்டு, பயிற்சியாளர் முதுகுல ஓங்கி ஒண்ணு வைக்க, கத்திக்கிட்டே மேடை ஏறுவாங்க. யாரும் போலீஸைக் கூப்பிடறதில்லை.

அறிவியல் என்ன சொல்லுது? யெர்க்ஸ், டாட்சன்னு ரெண்டு பேர் 1908லயே இதைத் தொட்டிருக்காங்க. எலிகளுக்கு மின்சார அதிர்ச்சி கொடுத்து, எந்த அளவு அதிர்ச்சியில வேகமாக் கத்துக்குதுன்னு பார்த்தாங்க. சுலபமான வேலைன்னா அதிர்ச்சி கூடக் கூட எலி வேகமாக் கத்துக்கிச்சு. கஷ்டமான வேலைன்னா கதை வேற. நடுத்தர அளவுலதான் நல்லாக் கத்துக்கிச்சு, அதுக்கு மேல போனா தடுமாறிச்சு. பதற்றத்துக்கும் திறமைக்கும் உள்ள உறவைப் பத்தி இன்னிக்கும் பேசறவங்க அந்த எலிகள்ல இருந்துதான் ஆரம்பிக்கறாங்க. உடம்பை எழுப்ப ஒரு தூண்டல் தேவைதான், ஆனா எவ்வளவுங்கறது ஆளுக்கு ஆள், வேலைக்கு வேலை மாறும். மார்டினாவுக்கு எவ்வளவு தேவைன்னு மார்டினாவைத் தவிர யாருக்குத் தெரியும்?

இங்க வரைக்கும் எழுதிட்டு "அவ்ளோதாங்க, அவங்க இஷ்டம், நமக்கென்ன"ன்னு முடிச்சிடலாம். ஆனா என்னால முடியலை. காரணம், கொஞ்சம் கொசுவத்தி சுத்த வேண்டியிருக்கு.

எட்டாம் கிளாஸ். கணக்கு வாத்தியார் ஒருத்தர். வீட்டுப்பாடம் போடலைன்னா பிரம்பு கிடையாது, கைதான். கன்னத்துல விழுந்தா காதுக்குள்ள கொஞ்ச நேரம் 'ங்ஙொய்'ன்னு ஒரு சத்தம் கேட்டுக்கிட்டே இருக்கும். நான் நிறைய வாங்கியிருக்கேன். அந்த வருஷம் கணக்குல நல்ல மார்க்கும் வாங்கினேன். பின்னால பல வருஷம் ஃப்ரெண்ட்ஸ் கூடினா பெருமையாச் சொல்லுவேன்: "அந்த மனுஷன் அடிச்சதாலதான்டா நான் உருப்பட்டேன்." சொல்லும்போது ஒரு சிரிப்பு வேற.

எப்போ அந்தச் சிரிப்பு நின்னுச்சுன்னா, கூடப் படிச்ச ஒருத்தன் ஒரு நாள் அமைதியாக் கேட்டான்: "நீ உருப்பட்ட, சரி. அதே அடியை வாங்கிட்டு ஸ்கூலை விட்டே போனானே, கடைசி பெஞ்சுல உக்கார்ந்திருப்பானே, அவன் எங்கடா?" பதில் இல்லை. அடி வாங்கி ஜெயிச்சவன் மட்டும்தான் பின்னால வந்து அடியைப் புகழ்வான். தோத்தவன் அந்தக் கூட்டத்துக்கே வர்றதில்லை.

இப்போ என் பிரச்சினை புரியுதா? "என் நல்லதுக்குத்தான் அடிச்சார்"னு நான் சொன்னது பொய். எனக்கே தெரியாத பொய். அப்போ "நான்தான் அடிக்கச் சொன்னேன்"னு மார்டினா சொல்றது மட்டும் எப்படி நிஜம்னு நம்பறது? அடி வாங்கினவங்க அடிச்சவங்களுக்காகப் பேசறது உலகத்துல புதுசா என்ன?

இந்தக் கேள்வி சர்வதேச சம்மேளனத்துக்கு ஏன் அவ்வளவு உறுத்திச்சுங்கறதுக்கு ஒரு பழைய கதை இருக்கு. அதே ஜூடோ, அதுவும் பெண்கள் ஜூடோ, அதுவும் ஜப்பான். 2012 லண்டன் ஒலிம்பிக்ஸ்ல ஜப்பானுக்கு ஜூடோவுல ஒரே ஒரு தங்கம். எடுத்தது 57 கிலோ பிரிவுல கயோரி மட்சுமோட்டோங்கற பொண்ணு. ஆண்களுக்குத் தங்கமே இல்லை. அந்த வருஷம் டிசம்பர்ல, ஜப்பான் பெண்கள் அணியின் முன்னணி வீராங்கனைகள் 15 பேர் ஜப்பான் ஒலிம்பிக் கமிட்டிகிட்ட ஒரு புகார் கொடுத்தாங்க. தலைமைப் பயிற்சியாளர் ரியூஜி சோனோடாவும் மத்தவங்களும் எங்களை அறையறாங்க, மூங்கில் வாளால அடிக்கறாங்க, வாய்க்கு வந்தபடி திட்டறாங்கன்னு. சோனோடா சாதாரண ஆள் இல்லை, 1993 உலக சாம்பியன். விஷயம் வெளியில வந்ததும் 2013 தொடக்கத்துல பதவி விலகினார். அதே வருஷம் ஆகஸ்ட்ல ஜப்பான் ஜூடோ சம்மேளனத் தலைவரும் போனார்.

அந்த 15 பேரும் பேரை வெளியில சொல்லலை. சொல்ல முடியலை. யாரை அடுத்த போட்டிக்கு அனுப்பறதுன்னு முடிவு பண்றதுல அடிக்கற ஆளுக்கும் கை இருந்துச்சு. அவங்களுக்குத் துணையா வெளிப்படையா நின்னு பேசினவர் கயோரி யமாகுச்சி. 1984ல உலக சாம்பியன் ஆனவர், ஜப்பான் பெண்கள்ல முதல் உலக சாம்பியன். நாட்டுக்கே உச்சியில இருக்கற 15 வீராங்கனைகளே தங்கள் பேரைச் சொல்ல பயந்தாங்கன்னா, ஊர் ஊரா இருக்கற பள்ளிக்கூடப் பசங்க நிலைமை என்னன்னு யோசிங்க.

அந்தக் கதை இன்னும் மோசம். ஜப்பான் பள்ளிகள்ல 1983க்குப் பிறகு சுமார் முப்பது வருஷத்துல ஜூடோ பயிற்சியின்போது நூத்துக்கும் மேற்பட்ட மாணவர்கள் இறந்திருக்காங்க. பெரும்பாலும் தலையில அடி. எல்லாம் வாத்தியார் அடிச்சதால இல்லை, ஆனா "தாங்கிக்கோ, எழுந்திரு"ங்கற கலாச்சாரத்துக்கு அதுல பங்கு உண்டு. 2012 டிசம்பர்லயே ஒசாகாவுல கூடைப்பந்து அணித் தலைவனா இருந்த ஒரு பள்ளி மாணவன், பயிற்சியாளர் அடிச்சதுக்குப் பிறகு தற்கொலை பண்ணிக்கிட்டான். டோக்கியோ ஒலிம்பிக்ஸுக்கு ஒரு வருஷம் முன்னாடி, 2020 ஜூலைல, ஜப்பான் விளையாட்டுல குழந்தைகளை அடிக்கறது இன்னும் நிக்கலைன்னு ஹ்யூமன் ரைட்ஸ் வாட்ச் அமைப்பு ஒரு அறிக்கையே போட்டுச்சு.

இந்தப் பின்னணியோட அந்த வீடியோவைத் திரும்பப் பாருங்க. டோக்கியோ, புடோகான், ஒரு ஆண் பயிற்சியாளர், ஒரு பெண், ரெண்டு அறை. டிவியில பார்க்கற ஒரு ஜப்பான் பள்ளிக்கூட வாத்தியாருக்கு என்ன தோணும்? "ஒலிம்பிக்ஸ்லயே அடிக்கறாங்க, நான் அடிச்சா என்ன?" எச்சரிக்கை கொடுத்தது அந்த வாத்தியாருக்குத்தான்னு நான் எடுத்துக்கறேன். அந்த அளவுல சம்மேளனம் செஞ்சது சரி. இத்தனைக்கும் குத்தும் உதையும் இல்லாத விளையாட்டு ஜூடோ. எதிராளியையே அறையக் கூடாது. சொந்த வீராங்கனையை அறைஞ்சா எப்படி இருக்கும்?

ஜெர்மனி பக்கமும் பார்க்கணும். குழந்தைகளை அடிக்காம வளர்க்கணும், அது குழந்தையோட உரிமைன்னு 2000லயே சட்டம் போட்ட நாடு அது. அதே நாட்டோட கிழக்குப் பாதியில, 1970கள்லயும் 80கள்லயும், பதின்ம வயசுப் பொண்ணுங்களுக்கு வைட்டமின்னு சொல்லி ஆண் ஹார்மோன் மாத்திரைகளைக் கொடுத்தாங்க. பயிற்சியாளர், டாக்டர், அரசாங்கம் எல்லாம் சேர்ந்து. யாரும் அறையலை, அன்பாத்தான் கொடுத்தாங்க. டோக்கியோவுக்கு எட்டு மாசம் முன்னாடி, 2020 நவம்பர்ல, ஜிம்னாஸ்டிக்ஸ்ல 2017 உலக சாம்பியனான பௌலீன் ஷேஃபரும் வேற சில பொண்ணுங்களும், கெம்னிட்ஸ் நகரத்துப் பயிற்சி மையத்துல மனசை நொறுக்கற மாதிரி நடத்தினாங்கன்னு வெளிப்படையாப் புகார் சொன்னாங்க. எந்த வீடியோவும் வைரல் ஆகலை. எப்படி ஆகும்? "குண்டாயிட்ட", "நீ லாயக்கில்லை"ன்னு வருஷக்கணக்கா சொல்றது கேமராவுல விழாது. அறைதான் விழும்.

எனக்கு இந்த இடத்துலதான் அந்த முள்ளு கொஞ்சம் நகர்ந்துச்சு. நாம எல்லாரும் சத்தத்தைத்தான் பார்க்கறோம். பளார்னு கேட்டா கொடுமை. கேட்கலைன்னா பயிற்சி. மாத்திரை கொடுத்த கைக்குச் சத்தம் இல்லை. கேட்டு வாங்கின அறைக்குச் சத்தம் இருக்கு. ரெண்டுல எது கொடுமைன்னு காதை வெச்சு முடிவு பண்ண முடியாது.

அப்போ எதை வெச்சு முடிவு பண்றது? நான் யோசிச்ச வரைக்கும் நாலு கேள்வி.

ஒண்ணு, யார் ஆரம்பிச்சது? என் வாத்தியாரை நான் அடிக்கச் சொல்லலை. அந்த 15 பேர் சொல்லலை. மார்டினா சொல்லியிருக்கார், அதுவும் தோத்த பிறகு, எல்லாப் பழியையும் அந்த ஆள் மேல தூக்கிப் போட வசதியா இருந்த நேரத்துல.

ரெண்டு, எப்போ விழுது? என் கன்னத்துல விழுந்தது தப்பு பண்ணின பிறகு. அது தண்டனை. மார்டினாவுக்கு விழுந்தது சண்டைக்கு முன்னாடி. தோத்துட்டு வந்த பிறகு அதே கை ஓங்கியிருந்தா, இந்தப் பதிவே வேற மாதிரி இருந்திருக்கும்.

மூணு, நாலு பேர் பார்க்கற இடத்துலயா, கதவைச் சாத்திக்கிட்டா? இது முழு ஆதாரம் ஆகாது, ஒத்துக்கறேன். ஊரறிய அடிக்கற வாத்தியார்களும் உண்டு. ஆனா மறைக்க வேண்டிய விஷயத்தை ஒலிம்பிக் கேமரா முன்னாடி யாரும் செய்ய மாட்டாங்க.

நாலாவது, இதுதான் முக்கியம். "நாளையில இருந்து வேண்டாம்"னு சொன்னா நிக்குமா? சொன்னவங்களுக்கு அணியில இடம் இருக்குமா?

இந்த நாலாவது கேள்விக்கு விடை எனக்கு வெளியில இருந்து தெரிய வழி இல்லை. மார்டினா சொல்ற தொனியைப் பார்த்தா நிக்கும்னுதான் தோணுது. 32 வயசு, ஐரோப்பிய சாம்பியன், ரெண்டாவது ஒலிம்பிக்ஸ். யாருக்கும் பயப்படற இடத்துல அவர் இல்லை. ஆனா அதே அணியில 18 வயசுல புதுசா வர்ற ஒரு பொண்ணு இதைப் பார்த்துட்டு, "நானும் அறை வாங்கினாத்தான் சீரியஸான ஆளுன்னு நினைப்பாங்களோ"ன்னு யோசிச்சா? அவளுக்கும் அது 'தேர்ந்தெடுத்த சடங்கு' ஆயிடும். யார் தேர்ந்தெடுத்ததுங்கறது மட்டும் கேள்வியா நிக்கும்.

அதனால என் முடிவு ரெண்டு பக்கமும் கொஞ்சம் உதைக்கும். சடங்கு மார்டினாவோடது, அதைச் செய்ய அவருக்கு உரிமை உண்டு. ஆனா கை பயிற்சியாளரோடதா இருக்க வேண்டாம். பயிற்சியாளர்ங்கறவர் ஒருத்தருக்கு மட்டும் சொந்தம் இல்லை, அவர் கையைப் பத்துப் பேர் பார்த்துக்கிட்டு இருக்காங்க. தன் கன்னத்தைத் தானே அடிச்சுக்கட்டும், தொடையில தட்டிக்கட்டும், கூட ஆடற தோழியை அறையச் சொல்லட்டும். அணியில யார் இருக்கணும்னு சொல்ற கையும் அறையற கையும் ஒண்ணா இருந்தா, மேல சொன்ன நாலாவது கேள்விக்கு எந்தக் காலத்துலயும் நேர்மையான பதில் கிடைக்காது. பூஷா கெட்டவர்னு நான் சொல்லலை. கேட்டதைச் செஞ்சார். "கேட்டாலும் செய்ய மாட்டேன், வேற வழி யோசிப்போம்"னு சொல்லியிருக்கலாம்னு மட்டும் சொல்றேன்.

இன்னொண்ணும் சொல்லணும், இது நமக்கு. அன்னிக்கு 'பாவம்'னு சொன்ன நாம, அவர் வாயைத் திறந்து "நான் கேட்டது"ன்னு சொன்ன பிறகும் எத்தனை பேர் நம்பினோம்? "அடிமைத்தனம்", "மூளைச்சலவை"ன்னு ஆளாளுக்கு மருந்துச் சீட்டு எழுதினோம். எடை தூக்கற ஆம்பளை முதுகுல அறை வாங்கினா அது வீரம், பொண்ணு வாங்கினா அது பரிதாபம். அவர் பேச்சுக்கு மதிப்புக் கொடுக்காம அவரைக் காப்பாத்தக் கிளம்பறதும் ஒரு மாதிரி கன்னத்துல வைக்கறதுதான். பெண்கள் ஜூடோ ஒலிம்பிக்ஸ்ல முழுப் போட்டியா சேர்ந்ததே 1992 பார்சிலோனாவுலதான், ஆண்கள் ஆட ஆரம்பிச்சு 28 வருஷம் கழிச்சு. "பொண்ணுங்க உடம்பு தாங்காது"ன்னு அவங்களைக் கேட்காமலேயே முடிவு பண்ணினவங்க அப்பவும் இருந்தாங்க. அவங்களும் அக்கறையோடதான் சொன்னாங்க.

என் வாத்தியாரை இன்னிக்கு நான் மன்னிச்சுட்டேனான்னு கேட்டா, தெரியலை. ஆனா "அவர் அடிச்சதாலதான் உருப்பட்டேன்"னு சொல்றதை நிறுத்திட்டேன். கடைசி பெஞ்சுக்காரனுக்கு நான் செய்யக்கூடிய குறைந்தபட்ச மரியாதை அது.

கடைசியா ஒரு தகவல். அறை விழுந்து நாலு நாள் கழிச்சு, 2021 ஜூலை 31. அதே புடோகான்ல ஆணும் பெண்ணும் சேர்ந்து ஆடற கலப்பு அணிப் போட்டி ஒலிம்பிக்ஸ்ல முதல் தடவையா நடந்துச்சு. பிரான்ஸ் தங்கம், ஜப்பான் வெள்ளி. வெண்கலம் ரெண்டு அணிகளுக்கு. ஒண்ணு இஸ்ரேல், இன்னொண்ணு ஜெர்மனி. அந்த ஜெர்மனி அணிப் பட்டியல்ல மார்டினா டிரைடோஸ் பேரும் இருக்கு. ஆக, அவர் ஒலிம்பிக் பதக்கம் வாங்கினவர்.

வேற மாதிரி ஒரு தலைப்புச் செய்தியில வரணும்னு ஆசைப்பட்டாரே, அது வந்துச்சு. அதை நாம யாரும் ஃபார்வர்ட் பண்ணலை, அவ்ளோதான்.